எலி, பெருச்சாளி, மூஞ்சூறு: எங்கள் தொடர்மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓய்வுபெற்ற ஆய்வுகூடக்காரி. முப்பது வருடத்துக்கு மேல் இரத்தப் பரிசோதனைக் குழாய்களோடும் நுணுக்குக்காட்டியோடும் இருந்தவள். இப்போது கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய தொடர்மாடியில் நாலாம் மாடியில் குடியிருக்கிறேன். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. அதனால் படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் யாராவது மறித்து எலியைப் பற்றி ஏதாவது கேட்பார்கள். போன மழைக்குப் பிறகு கீழே தண்ணீர் மீற்றர் அறையைத் திறந்தபோது தரை முழுக்க எலிப் புழுக்கை. அன்றிலிருந்து கேள்விகள் இரண்டு மடங்கு. ஒரே பதிலை ஆறு மாடிக்கும் சொல்லிக் களைத்துப்போய் எழுதியது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

எலிக்காய்ச்சல் எண்டா வைரஸ் காய்ச்சல்தானே அன்ரி?

இல்லை. இதை முதலில் தீர்த்துவிடுவோம், இல்லாவிட்டால் கீழே உள்ள எதுவும் விளங்காது. எலிக்காய்ச்சல் என்று நாங்கள் சொல்வது லெப்டோஸ்பைரோசிஸ். அதை உண்டாக்குவது லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா, நுணுக்குக்காட்டியில் சுருள் கம்பி மாதிரித் தெரியும். பக்டீரியா என்றபடியால் அன்ரிபயோட்டிக்குக் கேட்கும். நேரத்தோடு போனால் பிழைக்கலாம்.

எலி சிறுநீர் கழிக்கும், அது சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் கலக்கும், எங்கள் காலில் இருக்கும் கீறல் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உள்ளே போகும். 2008-இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் என்று பதிவானது. 2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு 'மர்மக் காய்ச்சல்' ஆட்களைக் கொன்றதே, அதுவும் கடைசியில் இதுதான். கொழும்பில் களனி ஆறு பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணீர் நின்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது டெங்கு இல்லை, இது. வெள்ளத்தில் இறங்கி வேலை செய்யத்தான் வேண்டும் என்றால், முன்கூட்டியே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேளுங்கள். வயல் வேலை செய்பவர்களுக்குக் கொடுக்கும் டொக்ஸிசைக்ளின் குளிசை உங்களுக்கும் தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்வார்கள்.

அப்ப எலியிலயிருந்து வைரஸே வராதா?

வரும். பெரிய பெயர் ஹன்டா வைரஸ். கொரியாவில் ஓடும் ஹன்டான் ஆற்றின் பெயர் அது. 1950-களின் தொடக்கத்தில் கொரியப் போரில் ஐ.நா. படையினர் 3,000 பேருக்கு மேல் காய்ச்சல், இரத்தக்கசிவு, சிறுநீரகம் பழுது என்று விழுந்தார்கள். காரணம் தெரியவில்லை. 1970-களில்தான் லீ ஹோ-வாங் என்ற கொரிய விஞ்ஞானி, வயல் எலியின் நுரையீரலில் அந்த வைரஸைக் கண்டுபிடித்தார்.

அது வயல் எலி. நகரத்து எலிக்கு வேறொரு ஹன்டா இருக்கிறது, பெயர் சோல் வைரஸ். அது வாழ்வது பழுப்பு எலியில். கானிலும் துறைமுகத்திலும் ஓடுகிற அந்தத் தடித்த எலி கப்பலேறி உலகம் முழுக்கப் போய்விட்டது, வைரஸும் கூடவே போனது. நாங்கள் இருப்பது துறைமுகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் என்பதை மறக்க வேண்டாம். இன்னும் இரண்டு பெயர்கள்: வீட்டுச் சுண்டெலியில் வாழும் எல்.சி.எம். வைரஸ் (ஹாம்ஸ்டர் கேள்வியில் வருகிறேன்), ஈரலைத் தாக்கும், எலியின் ஹெப்படைட்டிஸ் ஈ. இரண்டாவது மனிதருக்குத் தொற்றாது என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். 2018-இல் ஹொங்கொங்கில் ஈரல் மாற்றுச் சிகிச்சை செய்த ஒருவருக்கு வந்திருந்தது தெரிந்ததும் அந்த நினைப்பு போனது.

கொழும்பில ஹன்டா இருக்கா, இல்லையா? நேரா சொல்லுங்க.

இலங்கையில் இருக்கிறது. 1980-களிலேயே, எலிக்காய்ச்சல் என்று சந்தேகித்த இலங்கை நோயாளர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது சிலரிடம் ஹன்டாவுக்கான எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்க்க உடம்பு உண்டாக்குவது) இருந்தது. அதாவது எலிக்காய்ச்சல் என்று சீட்டு எழுதிய சிலருக்கு வந்தது வேறாக இருந்திருக்கலாம். பிந்திய ஆய்வுகளும் இலங்கை மனிதரிலும் எலியிலும் ஹன்டாவின் தடத்தைக் கண்டிருக்கின்றன.

ஆனால் அளவு முக்கியம். கொழும்பில் எலியால் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் அது லெப்டோவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஹன்டா அரிது. தேடினால்தான் தெரியும், தெருமுனை ஆய்வுகூடத்தில் கிடைக்கும் சோதனையும் அல்ல. நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்காக மீற்றர் அறையை மூக்கை மூடாமல் கூட்டவும் வேண்டாம்.

அந்த ஹொலிவூட் நடிகரின்ட மனுசி செத்தது இதாலதானே? நாங்களும் அப்படிச் சாவோமா?

2025-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் நடிகர் ஜீன் ஹேக்மனின் மனைவி இறந்ததைத்தான் கேட்கிறார்கள். ஆம், ஹன்டாதான். ஆனால் அந்தப் பக்கத்து ஹன்டா வேறு. 1993-இல் அங்கே முதலில் அடையாளம் கண்டார்கள், மான் எலி என்ற ஒரு காட்டு எலியில் இருக்கிறது, நுரையீரலைத் தாக்கும், வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்கிறார்கள். அந்த எலி இலங்கையில் இல்லை. சோல் வைரஸ் பெரும்பாலும் சிறுநீரகத்தைத் தாக்கும், அதில் இறப்பு நூற்றுக்கு ஒன்று இரண்டு அளவில்தான்.

எலி கடிச்சாத்தானே வரும்? எங்களை ஒண்டும் கடிக்கல்லையே.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். ஹன்டா பெரும்பாலும் கடியால் வருவதில்லை. எலி தன் சிறுநீர், புழுக்கை, எச்சில் மூன்றிலும் வைரஸை விட்டுக்கொண்டே இருக்கும், தான் நோயாளி போலத் தெரியாமலே. அது காய்ந்து தூசியாகும். அந்தத் தூசி கிளம்பும்போது மூச்சோடு உள்ளே போகிறது.

தூசியைக் கிளப்புவது யார்? நாங்கள்தான். மீற்றர் அறையைத் திறந்த அன்று கூட்டுகிற தம்பி தும்புத்தடியோடு வந்து இரண்டு வீச்சு வீசினார். கதவு வழியாக வந்த வெயில் கீற்றில் பொடி சுழன்று சுழன்று அவர் முகத்தருகே போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். புழுக்கை நொறுங்கி மாவாகப் போயிருந்தது. "தம்பி, நில்லுங்க" என்று கத்தியதில் மூன்றாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எலி ஓடினால் கதிரையில் ஏறுகிற நாங்கள், எலி போன இடத்தை மட்டும் காய்ந்த தும்புத்தடியால் ஆசையாகக் கூட்டுகிறோம். பயப்பட வேண்டியது எது என்பதில் எங்களுக்கு எப்போதும் ஒரு குழப்பம்.

சரி, அப்ப எப்படித்தான் துப்புரவாக்குறது?

கதவு, ஜன்னலைத் திறந்து அரை மணித்தியாலம் காற்றாட விட்டுவிட்டு நீங்கள் வெளியே போங்கள். அப்புறம் ரப்பர் கையுறை, மாஸ்க். என்95 இருந்தால் நல்லது. ஒரு கோப்பை பிளீச் திரவத்துக்கு ஒன்பது கோப்பை தண்ணீர் கலந்து, புழுக்கையும் சிறுநீர்க் கறையும் இருக்கும் இடத்தை ஊறும்படி நனையுங்கள். ஐந்து நிமிடமாவது விடுங்கள். பழைய துணியாலோ கடதாசியாலோ அள்ளி இரட்டைப் பையில் கட்டுங்கள். கடைசியில் தரையை ஈரத்துணியால் துடைத்து, கையுறையைக் கழற்றுமுன் கழுவி, கழற்றிய பின் கையையும் கழுவுங்கள். ஹன்டாவின் மேல் ஒரு கொழுப்பு உறை இருக்கிறது, சவர்க்காரமும் பிளீச்சும் அதைக் கரைத்துவிடும். நல்ல வெயிலும் கொல்லும். தும்புத்தடியும் வக்கியூமும் ஈரமாக்கும் முன் கூடாது.

ஒரு எச்சரிக்கை: பிளீச்சோடு கழிவறைக்குப் போடும் அமிலத்தைச் சேர்க்காதீர்கள். "ரெண்டையும் போட்டா டபுளா வேலை செய்யும்தானே" என்று ஒருவர் கேட்டார். குளோரின் வாயு வரும். எலி செய்யாததை அது பத்து நிமிடத்தில் செய்துவிடும்.

இது எலிப் புழுக்கையா, சுண்டெலியா, வேற ஏதாவதா? எப்படித் தெரியும்?

சுண்டெலியுடையது அரிசிமணி அளவு, நுனி கூராக இருக்கும். எலியுடையது ஒன்றரை சென்ரிமீற்றர் வரும், பேரீச்சங்கொட்டையை ஞாபகப்படுத்தும். சீலிங்குக்குள் குவியலாக, உள்ளே பழக்கொட்டைகளோடு இருந்தால் மரநாய், சிங்களத்தில் உகுடுவா. பல்லி எச்சத்தில் வெள்ளை நுனி இருக்கும், அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்ட வேண்டாம். காட்டியிருக்கிறார்கள், டிபன் பெட்டியில்.

சோடா டின்னுக்கு மேல எலி மூத்திரம் இருந்து குடிச்ச பொம்பிளை செத்துட்டாவாம், வட்ஸ்அப்பில வந்திச்சு?

இருபது வருடத்துக்கு மேலாக ஊர் ஊராகச் சுற்றும் கட்டுக்கதை. ஒவ்வொரு நாட்டிலும் அந்தப் பெண்ணுக்கு ஒரு ஊர்ப்பெயர். லெப்டோஸ்பைரா காய்ந்தால் பிழைக்காது. இருந்தாலும் டின்னின் மேல்பக்கத்தைக் கழுவிக் குடிப்பதில் நட்டமில்லை. களஞ்சியத்தில் எலி ஓடுவது கட்டுக்கதை அல்லவே.

கடையில அரிசி மூடையை எலி கடிச்சிருக்கு. முழு மூடையையும் எறியணுமா?

இது இரண்டாம் மாடியில் இருப்பவர் கேட்டது, புறக்கோட்டையில் மொத்த வியாபாரம். கடித்த மூலையைச் சுற்றி ஈரம், புழுக்கை, நாற்றம் இருக்கும் பகுதியை அகற்றுங்கள், மிச்சத்தைச் சாப்பாட்டுக்கு விற்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அவர் முகம் போன போக்கை இங்கே எழுதவில்லை. வீட்டில் தெரியாமல் வாங்கிச் சமைத்துவிட்டோம் என்றால் பதற வேண்டாம், கொதித்த சோற்றில் இந்தக் கிருமிகள் பிழைக்காது. ஆபத்து சோற்றில் குறைவு, மூடையை உதறும் இடத்தில் கூட. பாண், பழம், கருவாடு போன்று அப்படியே வைத்துச் சாப்பிடுவதில் எலி வாய் வைத்திருந்தால் எறியத்தான் வேண்டும்.

புறக்கோட்டைக்கும் எலிக்கும் பழைய கணக்கு உண்டு. 1914-இல் கொழும்பில் பிளேக் தொடங்கியது அந்த அரிசிக் களஞ்சியங்களைச் சுற்றித்தான், கப்பலில் வந்த எலிகளோடு. அதுவும் பக்டீரியா. எலியின் உடம்பிலிருந்த தெள்ளு கடித்துப் பரவியது.

எலியைக் கடிச்ச நுளம்பு எங்களைக் கடிச்சா?

ஹன்டா நுளம்பால் பரவாது. லெப்டோவும் அப்படித்தான். நுளம்புக்குச் செய்யத் தனி வேலை இருக்கிறது, டெங்கு.

எலி கடிச்சா விசர்நாய் ஊசி போடணுமா? அணில் கடிச்சா? மரநாய்?

எந்தக் கடியானாலும் முதலில் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் கோப்பித்தூளும் அப்புறம்கூட வேண்டாம். வீட்டு எலி, சுண்டெலி, அணில் கடித்து நீர்வெறுப்பு நோய் வருவது மிக மிக அரிது, பெரும்பாலும் அந்த ஊசி தேவைப்படாது. ஏற்பு ஊசி தேவைப்படலாம். எலிக்கடிக் காய்ச்சல் என்று பக்டீரியாவால் வருகிற இன்னொன்றும் உண்டு, ஆகவே கடித்து சில நாள் கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு என்று வந்தால் வைத்தியரிடம் கடியைச் சொல்லுங்கள்.

கீரி, மரநாய், பெருச்சாளி கடித்தால் கதை வேறு. அதே நாளில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி தேவையா என்று அங்கே முடிவெடுக்கட்டும். பகலில் கீரி தானாக வந்து ஆளைக் கடிப்பது சாதாரணக் கீரி செய்கிற வேலை இல்லை.

மகனுக்கு அஞ்சு நாள் காய்ச்சல். டெங்கு நெகட்டிவ். ஆனா பிளேட்லெட் இறங்குது. இப்ப என்ன?

பிளேட்லெட் இறங்குவது டெங்குவுக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல. லெப்டோவிலும் இறங்கும், ஹன்டாவிலும் இறங்கும். மூன்றுமே தொடங்குவது ஒரே மாதிரி: காய்ச்சல், தலையிடி, உடம்பு முறிவு. டெங்குச் சோதனை நெகட்டிவ் என்பதற்குப் பொருள் டெங்கு தென்படவில்லை என்பதுதான் (சில நாள் பிந்தினால் டெங்குவே தவறியும் போகலாம்). வேறு எதுவும் இல்லை என்பதல்ல. கெண்டைக்கால் தசை தொட முடியாத வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நடக்க முடியாவிட்டால் 1990 அம்புலன்ஸ். பனடோல் தவிர வேறு வலிக்குளிசை வைத்தியர் சொல்லாமல் வேண்டாம், இந்த மூன்றிலும் சிறுநீரகமோ இரத்தமோ சிக்கலில் இருக்கும்.

இன்னொன்று. வைத்தியர் எலியைப் பற்றிக் கேட்காமல் விடலாம், நீங்களே சொல்லுங்கள். என் உறவுக்காரர் ஒருவர் தன் கடைக் களஞ்சியத்தைத் துப்புரவாக்கி ஒரு கிழமைக்குப் பிறகு காய்ச்சலோடு ஒரு தனியார் கிளினிக்குக்கு மூன்று தடவை போனார். மூன்று தடவையும் டெங்குச் சோதனை, மூன்று தடவையும் பில். நாலாவது இடத்தில் ஒரு இளம் டொக்டர் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார், அந்த ஒரு கேள்வியில் லெப்டோ பிடிபட்டது. எலி, வெள்ளம், கான், களஞ்சியம், வயல், இதில் எது இருந்தாலும், எப்போது என்ற திகதியோடு சொல்லுங்கள். லெப்டோ பெரும்பாலும் ஒன்று இரண்டு கிழமைக்குள் தலைகாட்டும். ஹன்டாவும் பொதுவாக அப்படித்தான், ஆனால் எட்டுக் கிழமை வரைக்கும் போகலாம்.

ஹன்டாவுக்கு மருந்து இருக்கா? தடுப்பூசி?

கொரியாவிலும் சீனாவிலும் தங்கள் ஊர் வகைகளுக்குத் தடுப்பூசி பாவிக்கிறார்கள், இங்கே இல்லை. சிகிச்சை என்பது உடம்பைத் தாங்கிப் பிடிப்பது: திரவ அளவு, இரத்த அழுத்தம், தேவைப்பட்டால் டயலிசிஸ்.

ஆளுக்கு ஆள் தொத்துமா? ஒரே அறையில படுக்கலாமா?

தென்னமெரிக்காவின் அன்டீஸ் என்ற ஒரு வகை மட்டும் அப்படிப் பரவியது தெரிந்திருக்கிறது. எங்கள் பக்கத்து வகைகள் அப்படியில்லை. படுங்கள்.

அனுராதபுரப் பக்கம் சிறுநீரக நோய் எலி வைரஸாலதான் எண்டு வாசிச்சேன். உண்மையா?

வடமத்திய மாகாண விவசாயிகளைத் தாக்கும், காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயைத்தான் கேட்கிறார். அந்த நோயாளரிடம் ஹன்டா எதிர்ப்பொருள் மற்றவர்களை விடக் கூடுதலாகக் காணப்பட்டதாக ஆய்வுகள் உண்டு. வயலில் வேலை செய்பவனுக்கு எலியும் கூட, வெயிலும் கூட, விவசாய நஞ்சும் கூட, கடினத்தண்ணீரும் கூட. இரண்டு ஒரே ஆளிடம் இருந்தால் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று ஆகாது. அதிலும் எதிர்ப்பொருள் என்பது எப்போதோ தொற்றியதற்கான அடையாளம்தான். தலைப்பில் 'உறுதி' என்று இருந்தால் உள்ளே போய் வாசியுங்கள்.

பூனை வளர்த்தா எலிப் பிரச்சினை தீருமே?

சுண்டெலி தீரலாம். கான் எலி தீராது. 2018-இல் வெளியான ஒரு நியூயோர்க் ஆய்வில், எலிகள் நிறைந்த ஒரு கழிவு மீள்சுழற்சி நிலையத்தில் ஐந்து மாதம் கமெரா வைத்துப் பார்த்தார்கள். பூனைகள் கொன்றது இரண்டே எலி. பூனை வந்தால் எலி ஒளித்துக்கொள்ளும், நாங்கள் குறைந்துவிட்டதாக நினைப்போம். எங்கள் ஐந்தாம் மாடிப் பூனையும் பெருச்சாளியும் குப்பைத் தொட்டியடியில் ஒன்றையொன்று மரியாதையாகத் தாண்டிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

மகளுக்கு ஹாம்ஸ்டர் வாங்கிக் குடுத்தோம். நான் இப்ப நாலு மாசம் கர்ப்பம். பயமா?

பயம் வேண்டாம், இடைவெளி வேண்டும். மேலே சொன்ன எல்.சி.எம். வைரஸ் சுண்டெலியிலிருந்து கடை ஹாம்ஸ்டருக்கும் போகக்கூடியது. சுகமான ஆளுக்குப் பெரும்பாலும் சின்னக் காய்ச்சலோடு போய்விடும், சிலருக்கு மூளைக்காய்ச்சலாகும். கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளையையும் கண்ணையும் பாதிக்கலாம். ஆகவே குழந்தை பிறக்கும் வரை கூண்டை வேறு யாராவது துப்புரவாக்கட்டும், நீங்கள் படுக்கும் அறையில் அது வேண்டாம். முடிந்தால் அம்மா வீட்டுக்கு அனுப்புங்கள். உங்களை அல்ல, ஹாம்ஸ்டரை.

வளர்ப்பு எலியும் 'சுத்தமான எலி' என்று நினைக்க வேண்டாம். 2017-இல் அமெரிக்காவில் வளர்ப்பு எலிகளிலிருந்து 17 பேருக்குச் சோல் வைரஸ் தொற்றியது.

கம் அட்டையா, பொறியா, மருந்தா? எது நல்லம்?

கம் அட்டை வேண்டவே வேண்டாம். ஒட்டிக்கொண்ட எலி பயத்தில் சிறுநீரை விட்டுக்கொண்டே துடிக்கும். நாங்கள் தவிர்க்க நினைப்பதே அதைத்தான். பாவமும் கூட. மருந்து வைத்தால் அது சீலிங்குக்குள் போய்ச் செத்து இரண்டு கிழமை நாறும், அதைத் தின்னும் ஆந்தையும் சாகும். பொறி நல்லது. சுட்ட கருவாடு அல்லது தேங்காய்ச் சொட்டு வையுங்கள். செத்த எலியையும் பொறியையும் மேலே சொன்ன பிளீச் தண்ணீரால் நனைத்த பிறகே தொடுங்கள்.

ஆனால் ஓட்டையை அடைக்காமல் பொறி வைப்பது ஓட்டை வாளியால் கிணற்றில் இறைப்பது மாதிரி. பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும். பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிச் சுருளைத் திணித்துச் சீமெந்து பூசுங்கள். மற்றது, குப்பை. இரவு பத்து மணிக்குப் பையைப் படிக்கட்டில் வைக்கும் முதலாம் மாடி ஆளை இந்தப் பக்கத்தில் பெயர் சொல்லி எழுத மாட்டேன், அவருக்குத் தெரியும்.

வௌவால்?

அது எலி இனமே இல்லை, அதற்குத் தனி வைரஸ்கள். 2018-இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் ஆட்களைக் கொன்ற நிப்பா வைரஸ் பழந்தின்னி வௌவாலுடையது. கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், விழுந்து கிடக்கும் வௌவாலை வெறும் கையால் தூக்காதீர்கள்.

மூஞ்சூறு பிள்ளையாரின்ட வாகனம். அதைக் கொல்லலாமா? அதிலயும் வைரஸ் இருக்கா?

எங்கள் அறையில் 'கீச் கீச்' என்று சுவரோரம் ஓடும் நீள மூக்குக்காரரும் எலி அல்ல. கொறிக்கும் இனமே அல்ல. பூச்சி தின்னி. உங்கள் சமையலறைக் கரப்பானைச் சம்பளமில்லாமல் தின்கிறது.

வைரஸ் உண்டு, அதிலும் நம் தமிழ்ப் பெயரோடு. 1964-இல் வேலூரில் பிடித்த ஒரு மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்து, அந்த இடத்தின் பெயரையே வைத்தார்கள்: தொட்டப்பாளையம் வைரஸ். ஹன்டான் ஆற்று வைரஸைப் பிரித்தெடுப்பதற்குப் பல வருடம் முந்தியது. அதுவும் ஹன்டாவின் உறவு என்று பிறகுதான் தெரிந்தது. உலகத்தில் முதலில் கைக்கு வந்த ஹன்டா கொரிய எலியினுடையது அல்ல, பிள்ளையார் வாகனத்தினுடையது. அதனால் மனிதருக்கு நோய் வந்ததாக நிறுவப்படவில்லை. சீனாவில் லாங்யா என்று நிப்பாவின் உறவு வைரஸ் ஒன்று மனிதரில் தென்பட்டதாக 2022-இல் அறிவித்தார்களே, அதைப் பெரும்பாலும் சுமந்தது வேறு வகை மூஞ்சூறு. ஆகவே புழுக்கையைப் பொறுத்தவரை எலிக்குச் சொன்ன விதிதான் மூஞ்சூறுக்கும், முதலில் நனை.

கொல்வதைப் பற்றி: போன மாதம் என் பொறியில் ஒன்று அகப்பட்டது. கையுறை போட்டு, பொறியைக் கையை நீட்டித் தூரப் பிடித்துக்கொண்டு, நாலு மாடி இறங்கி, பின்பக்கத்துக் காணியில் திறந்துவிட்டேன். பொறியைக் கழுவிக் காயவைத்துவிட்டு மேலே வந்தபோது அடுத்தது அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்தது.